தின்னலாம், முகரக் கூடாது: ஒரு பிளேவர் ரசாயனத்தின் ஆபத்தை வகைப்படுத்தும் முழு வழிமுறை

நவி மும்பை ரபாலேயில் பிளேவர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எஸ்டிஎஸ், அதாவது பாதுகாப்புத் தரவுத்தாள், எழுதுவது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் பயிற்சியாக நான் கொடுப்பது டைஅசிட்டைல். வெண்ணெய் வாசனைக்குப் போடும் மஞ்சள் திரவம். கொடுத்த ஒரு மணி நேரத்தில், "சாப்பாட்டுல போடுறதுதானே அண்ணே, ஆபத்து இல்லைன்னு எழுதிடவா?" என்று யாராவது ஒருவர் வந்து நிற்பார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வழிகாட்டி. கணக்கு கடினமில்லை, வரிசையில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதனால் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஐ.நா.வின் ஜிஎச்எஸ் நூல், அதாவது ரசாயன ஆபத்தை உலகெங்கும் ஒரே மாதிரி வகைப்படுத்துவதற்கான முறை. ஊதா அட்டை போட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாவது, ஐரோப்பாவுக்குச் சரக்கு போகிறதென்றால் வகைப்பாட்டுக்கும் லேபிளுக்கும் அவர்கள் வைத்திருக்கும் சிஎல்பி விதி, எண் 1272/2008. மூன்றாவது, சப்ளையர் தந்த எஸ்டிஎஸ்ஸும் அந்த லாட்டின் பகுப்பாய்வுச் சான்றிதழும். நான்காவது, ஒரு வெற்று எக்செல் தாள்.

எந்த நாட்டுக்காக எழுதுகிறோம் என்பதைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஜிஎச்எஸ் நூலில் இருப்பதையெல்லாம் எல்லா நாடும் எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு ஆபத்தையும் வகை 1, 2 என்று பிரிப்பார்கள், எண் சிறியதானால் ஆபத்து பெரிது. எரியும் திரவங்களில் வகை 4, வாய்வழி நச்சுத்தன்மையில் வகை 5 இரண்டும் ஐ.நா. நூலில் உண்டு, ஐரோப்பிய விதியில் கிடையாது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளில் ஒன்பதாம் அட்டவணை தாளின் வடிவத்தைச் சொல்கிறது. ஆனால் நம்மிடம் வாங்குகிறவர் கேட்பது பெரும்பாலும் 16 பகுதிகள் கொண்ட ஜிஎச்எஸ் தாளைத்தான். இதை முடிவு செய்யாமல் ஆரம்பித்தால் பாதி வழியில் அட்டவணையை மாற்ற வேண்டிவரும்.

2. பொருள் எது என்று உறுதி செய்யுங்கள்

டைஅசிட்டைல், பைஅசிட்டைல், பியூட்டேன்டையோன், 2,3-பியூட்டேன்டையோன் நான்கும் ஒன்றேதான். பெயரை நம்பாதீர்கள், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான காஸ் எண்ணை நம்புங்கள்: 431-03-8.

அந்த எண்ணையும் சரிபார்க்கலாம். கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். அதை விட்டுவிட்டு, மீதி இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். 3×1, 0×2, 1×3, 3×4, 4×5. மொத்தம் 38. கடைசி இலக்கம் 8, சரி. அரை நிமிடம்கூட ஆகாது. தட்டச்சில் இரண்டு இலக்கம் இடம் மாறிய தாள்களை இந்தக் கணக்கு எனக்குப் பலமுறை பிடித்துக் கொடுத்திருக்கிறது.

அலமாரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் இரண்டு பொருள்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று அசிட்டோயின், 513-86-0. மற்றது அசிட்டைல் புரோப்பியோனைல், 600-14-6. மூன்றுக்கும் வெண்ணெய் வாசனைதான், மூன்றின் வகைப்பாடும் வேறு.

அப்புறம் செறிவு. 'டைஅசிட்டைல் 10' என்று ட்ரம்மில் இருந்தால் அது புரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்த பத்து சதவீதக் கரைசலாக இருக்கலாம். மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு வியாபாரியிடமிருந்து ஒருமுறை அப்படி வந்தது. கூடவே வந்த எஸ்டிஎஸ் சுத்தமான பொருளுக்கானது. எங்களிடம் வேலை பார்த்த பையன் இரண்டையும் ஒன்றாக நினைத்து, கரைசலுக்குச் சுத்தப் பொருளின் லேபிளை ஒட்டிவிட்டான். ஆபத்தைக் கூட்டிச் சொன்னதால் யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வாங்கியவர் ட்ரம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

3. உணவு அனுமதியை ஒதுக்கி வையுங்கள்

இந்தப் படியில் கணக்கே கிடையாது, மனதைச் சரிசெய்வது மட்டும்தான். டைஅசிட்டைலுக்கு ஃபெமா, அதாவது அமெரிக்க பிளேவர் தயாரிப்பாளர் சங்கம், தந்த எண் 2370 உண்டு. உணவில் மிகச் சிறிய அளவில் வாய்வழியாகப் போனால் பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது என்பதே அதன் பொருள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ பார்ப்பதும் தட்டில் வரும் உணவைத்தான்.

எஸ்டிஎஸ் யாருக்காக? ட்ரம்மைத் திறந்து, வாளியில் ஊற்றி, சூடான கெட்டிலில் கலக்கும் ஆளுக்காக. அவர் தின்பதில்லை, சுவாசிக்கிறார். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபடும் நோய் இருந்தது 2000இல் தெரியவந்தது. அதே வெண்ணெய் வாசனைதான். பாப்கார்னைத் தின்றவர்களுக்கு அல்ல, தயாரித்தவர்களுக்கு வந்த நோய். 'ஃபுட் கிரேடு' என்ற ஸ்டிக்கரைப் பார்த்தவுடன் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம்.

4. முதலில் தீ, பிறகுதான் நச்சு

இயற்பியல் ஆபத்தை முதலில் முடிப்பதற்குக் காரணம் உண்டு. கொதிநிலை தெரிந்தால்தான் பொருள் காற்றில் ஆவியாக இருக்குமா, பனித்துளி போன்ற திவலையாக இருக்குமா என்று தெரியும். அது தெரிந்தால்தான் அடுத்த படியில் எந்த நச்சு அட்டவணையைத் திறப்பது என்று தெரியும். பொருளின் இயல்பு தெரியாமல் நச்சுக்குத் தாவினால் தப்பான அட்டவணையில் போய் நிற்பீர்கள்.

ஃபிளாஷ் பாயிண்ட் என்பது, திரவத்தின் ஆவி ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலை. எரியும் திரவங்களுக்கான எல்லைகள் இவை. ஃபிளாஷ் பாயிண்ட் 23 டிகிரிக்குக் கீழே, கொதிநிலை 35 அல்லது அதற்குக் கீழே என்றால் வகை 1. ஃபிளாஷ் பாயிண்ட் 23க்குக் கீழே, கொதிநிலை 35க்கு மேல் என்றால் வகை 2. ஃபிளாஷ் பாயிண்ட் 23 முதல் 60 வரை வகை 3.

டைஅசிட்டைலின் கொதிநிலை 88 டிகிரி. ஃபிளாஷ் பாயிண்டைத் தேடினால்தான் வேடிக்கை. பல சப்ளையர் தாள்களில் 6 அல்லது 7 டிகிரி, அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அட்டவணையில் 80 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 27 டிகிரி. ஒன்று வகை 2, மற்றது வகை 3. புதியவர்கள் இங்கே இரண்டில் ஒரு தவறு செய்கிறார்கள். முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்வார்கள், அல்லது இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். ஃபிளாஷ் பாயிண்டுக்குச் சராசரி எடுப்பது இருவருடைய வயதைக் கூட்டிச் சராசரி போட்டு ஒருவருக்குக் கல்யாணம் பேசுவது மாதிரி.

செய்ய வேண்டியது இது. மூடிய கோப்பை முறையில் அளந்த மதிப்பா என்று பாருங்கள். வகைப்பாட்டுக்கு அதுதான் செல்லும். திறந்த கோப்பையில் ஆவி பறந்துவிடுவதால் எண் கூடுதலாக வரும். அதற்குப் பிறகு வேறு ஒரு இடத்தில் சரிபாருங்கள். ஐ.நா. போக்குவரத்துப் பட்டியலில் பியூட்டேன்டையோனுக்கு எண் 2346, வகுப்பு 3, பொதிக் குழு இரண்டு. அந்தக் குழுவின் பொருளே 23க்குக் கீழான ஃபிளாஷ் பாயிண்ட், 35க்கு மேலான கொதிநிலை என்பதுதான். ஆக வகை 2, குறியீடு எச்225. எச் எண் ஒவ்வொன்றும் லேபிளில் போடும் ஓர் ஆபத்து வாக்கியத்தைக் குறிக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஆய்வகத்தில் அளக்கக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு ட்ரம் திரும்பி வருவதைவிடக் குறைவு.

மும்பையில் இருந்துகொண்டு 27 டிகிரியைப் 'பரவாயில்லை ரகம்' என்று நினைக்க வேண்டாம். மார்கழி மதியத்திலேயே நம் குடோன் 30ஐத் தொடும். ஆவியின் எடையையும் இங்கேயே குறித்து வையுங்கள். மூலக்கூறு எடை 86, காற்றுக்கு 29. மூன்று மடங்கு கனம், அதனால் தரையோடு ஊர்ந்து சாக்கடைக் குழிக்குள் இறங்கும். தீ பிடிப்பது ட்ரம் இருக்கும் இடத்தில்தான் என்று இல்லை.

5. உடனடி நச்சு: எந்த வழியாக, எந்த அலகில்

வாய், தோல், சுவாசம் மூன்றுக்கும் தனித்தனி வரி போடுங்கள். ஒரு வழியில் கிடைத்த முடிவு இன்னொரு வழிக்குச் செல்லாது.

வாய்வழி: எலிக்கு எல்டி50, அதாவது சோதித்த எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1580 மில்லிகிராம் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 300க்கு மேல் 2000 வரை வகை 4. ஆக எச்302.

சுவாசவழி: நான்கு மணி நேரச் சோதனையில் எலிக்கான எல்சி50, அதாவது பாதி எலிகளைக் கொல்லும் காற்றுச் செறிவு, லிட்டருக்கு 2.25க்கும் 5.2 மில்லிகிராமுக்கும் இடையில். ஆவிக்கான அட்டவணையில் 2க்கு மேல் 10 வரை வகை 3. ஆக எச்331, மண்டையோட்டுச் சின்னம். தின்பதில் வகை 4, முகர்வதில் வகை 3. தலைப்பில் நான் சொன்னதன் கணக்கு வடிவம் இதுதான்.

அலகில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். சில அறிக்கைகள் பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில், இருக்கும். பிபிஎம்மை மூலக்கூறு எடையால் பெருக்கி 24.45ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு மில்லிகிராம் வரும். அதை ஆயிரத்தால் வகுத்தால் லிட்டருக்கு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது டைஅசிட்டைலுக்கு ஏறத்தாழ 568 பிபிஎம். இந்த மாற்றத்தைச் செய்யாமல், பிபிஎம்மில் எல்லைகள் இருக்கிறதே என்று வாயுக்களுக்கான அட்டவணையைத் திறந்துவிடக் கூடாது. அது சாதாரண வெப்பத்தில் வாயுவாகவே இருக்கும் பொருள்களுக்கானது. திரவத்தின் ஆவிக்கு ஆவி அட்டவணைதான்.

சோதனை நேரத்தையும் பாருங்கள். ஒரு மணி நேர எல்சி50 கிடைத்தால் ஆவிக்கு அதை இரண்டால் வகுத்து நான்கு மணி நேர மதிப்பாக்க வேண்டும். திவலைக்கும் தூசுக்கும் நான்கால்.

6. தோலும் கண்ணும்

ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையின் தளத்தில் டைஅசிட்டைலுக்குத் தோல் எரிச்சல் வகை 2, கண்ணுக்குக் கடும் சேதம் வகை 1 என்று இருக்கிறது. எச்315, எச்318.

அந்தத் தளத்தைப் படிக்க ஒரு முறை உண்டு. ஐரோப்பா முழுவதற்கும் அதிகாரபூர்வமாக முடிவு செய்த ஒருங்கிணைந்த வகைப்பாடு இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதன் கீழே பல கம்பெனிகள் தாங்களாகத் தெரிவித்தவை வரிசையாக இருக்கும், ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கும். அதிகம் பேர் சொன்னது சரி என்று ஓட்டு எண்ணாதீர்கள். நூறு கம்பெனிகளும் ஒரே பழைய தாளிலிருந்து எடுத்திருக்கலாம்.

கண் 'எரிச்சல்' என்பதும் கண் 'சேதம்' என்பதும் வேறு. எரிச்சல் ஆறும், சேதம் ஆறாமலே போகலாம். லேபிளில் ஆச்சரியக்குறியா, அரிப்புச் சின்னமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. ஆலையில் வேலை செய்பவருக்குச் சாதாரணக் கண்ணாடியா, முழுக்க மூடும் காகிளா என்பதும் இதை வைத்துத்தான்.

7. ஒவ்வாமையும் நுரையீரலும்

இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் குழப்பமும் இங்கேதான்.

தோல் ஒவ்வாமை: வகை 1, எச்317. இதோடு அந்த வரி முடிந்தது.

நுரையீரல் நோய் வந்ததைப் படித்தவுடன் புதியவர் கை தானாக எச்334ஐ எழுதும். அது சுவாச ஒவ்வாமைக்கான குறியீடு, அதாவது உடல் ஒரு பொருளைப் பகையாக நினைவில் வைத்துக்கொண்டு ஆஸ்துமா போலத் தாக்குவது. பாப்கார்ன் ஆலையில் நடந்தது அதுவல்ல. திரும்பத் திரும்பச் சுவாசித்ததில் நுண்குழாய்களின் உட்சுவர் புண்பட்டு, தழும்பேறி, வழி அடைபட்டது. அதற்கான பிரிவு, குறிப்பிட்ட உறுப்பை மீண்டும் மீண்டும் தாக்கும் நச்சு. டைஅசிட்டைலுக்கு அதில் வகை 2, எச்373, உறுப்பு சுவாசப் பாதை, வழி சுவாசம். உறுப்பின் பெயரை எழுதாமல் வெறும் 'உறுப்புகளுக்குச் சேதம் விளைவிக்கலாம்' என்று விட்டால், படிப்பவர் கல்லீரலா சிறுநீரகமா என்று யூகிக்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் எண் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றும். ஆவிக்கான வகை 2இன் எல்லை, 90 நாள் சோதனையில் லிட்டருக்கு 0.2 முதல் 1.0 மில்லிகிராம். டைஅசிட்டைலுக்கு அது சுமார் 57 முதல் 284 பிபிஎம். ஆனால் அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியாஷ் 2016இல் தொழிலாளிக்குப் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக 5 பிபிபி. பிபிஎம் அல்ல, பிபிபி, அதாவது நூறு கோடியில் ஐந்து பங்கு. பதினைந்து நிமிடத்துக்கு 25 பிபிபி. அதனால் 'வகை 2தானே, சின்னதுதான்' என்று யாராவது சொன்னால், எஸ்டிஎஸ்ஸின் எட்டாம் பகுதியில் இந்த வரம்பைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்வேன்.

'டைஅசிட்டைல் இல்லாதது' என்று விற்கப்படும் பிளேவரையும் இங்கேயே நிறுத்திப் பாருங்கள். பதிலுக்குப் போட்டது பெரும்பாலும் அசிட்டைல் புரோப்பியோனைல். ஒரு கார்பன் கூடுதல், மற்றபடி அதே அமைப்பு. நியாஷ் அதற்கும் 9.3 பிபிபி என்று வரம்பு சொல்லியிருக்கிறது.

8. மீதிப் பிரிவுகள்

புற்றுநோய், மரபணு, இனப்பெருக்கம், நீர்வாழ் உயிர்கள், மூச்சுக்குழாய்க்குள் புகுதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டுவிடுங்கள். ஒன்றில் தகவலே இல்லையென்றால் 'தரவு இல்லை' என்றும், தரவு இருந்து எல்லையைத் தொடவில்லையென்றால் 'நிபந்தனையை நிறைவு செய்யவில்லை' என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் 'ஆபத்து இல்லை' என்று போடுவது பொய்.

பிளேவர் பிள்ளைகள் மறக்கிற ஒன்று: லிமோனீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள். ஆரஞ்சு எண்ணெயின் பெரும்பகுதி அதுதான். தண்ணீர் மாதிரி நீர்த்தது, விழுங்கினால் நுரையீரலுக்குள் வழுக்கிப் போகும். 40 டிகிரியில் பாகுநிலை 20.5 சதுர மில்லிமீட்டர்/நொடி அல்லது அதற்குக் கீழே இருந்தால் எச்304. நீர்வாழ் உயிர்களுக்கும் அது நஞ்சு.

9. சின்னங்களைக் குறைப்பது

இப்போது எல்லாக் குறியீடுகளையும் வரிசையாக வையுங்கள்: எச்225, 302, 331, 315, 318, 317, 373. ஒவ்வொன்றுக்கும் உரிய சின்னத்தைப் போட்டால் லேபிள் கோயில் திருவிழாச் சுவரொட்டி மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் முன்னுரிமை விதி. மண்டையோடு வந்துவிட்டால் ஆச்சரியக்குறி வராது. சமிக்ஞைச் சொல் ஒன்றுதான்: 'அபாயம்' இருந்தால் 'எச்சரிக்கை' வராது.

மிஞ்சுவது நான்கு: தீச்சுடர், மண்டையோடு, அரிப்பு, மார்பில் நட்சத்திரம் உள்ள மனித உருவம். சின்னத்தை நீக்கலாம், வாக்கியத்தை நீக்கக் கூடாது. எச்302, எச்315, எச்317 வாக்கியங்கள் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். சின்னத்தோடு வாக்கியத்தையும் சேர்த்து அழித்துவிடுவது நான் அடிக்கடி திருத்தும் பிழை.

10. கலவைக்குப் போகும்போது

நாம் விற்பது சுத்தப் பொருளை அல்ல. புரோப்பிலீன் கிளைக்காலில் 4 சதவீத டைஅசிட்டைல் உள்ள வெண்ணெய் பிளேவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மற்ற பொருள்கள் ஆபத்தற்றவை என்று வைத்துக்கொண்டு ஐரோப்பிய எல்லைகளில் பார்க்கலாம்.

கண் சேதம் வகை 1 உள்ள பொருள் 3 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கலவையும் வகை 1. 4 இருக்கிறது, ஆக எச்318 தொடர்கிறது. தோல் ஒவ்வாமைக்கு எல்லை 1 சதவீதம், அதுவும் தொடர்கிறது. தோல் எரிச்சலுக்கு 10 சதவீதம் வேண்டும், விழுந்துவிட்டது. எச்373க்கும் 10 சதவீதம்தான் எல்லை, அதுவும் விழுந்துவிட்டது.

உடனடி நச்சுக்கு மட்டும் கணக்கு. 100ஐக் கலவையின் மதிப்பால் வகுத்தால் வருவதும், சதவீதத்தைப் பொருளின் மதிப்பால் வகுத்தால் வருவதும் சமம். சுவாசத்துக்கு வரம்பின் கீழ் எண் 2.25ஐ வைத்தால் 100×2.25÷4, சுமார் 56. ஆவிக்கு 20ஐத் தாண்டினால் வகையில்லை. வாய்வழி 39,500, அதுவும் இல்லை. ஃபிளாஷ் பாயிண்ட்டைக் கணக்கில் ஊகிக்காமல் அளந்துவிடுங்கள்.

பார்மூலாவில் 4ஐ 2.5 ஆக்கினால் கண் சேதம் எரிச்சலாக இறங்கும், அரிப்புச் சின்னம் போய் ஆச்சரியக்குறி மட்டும் இருக்கும். விற்பனைக்காரர்கள் இதைக் கேட்டு வருவார்கள். பார்மூலா உண்மையிலேயே மாறினால் மட்டும் தாளை மாற்றுங்கள்.

இந்தக் கணக்குப்படி லேபிளில் நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் வாங்கியவர் இதைச் சூடான எண்ணெயில் ஊற்றினால் 88 டிகிரியில் கொதிக்கும் பொருள் அப்படியே மேலே வரும். லேபிள் விதி அதைக் கேட்கவில்லை என்றாலும் எஸ்டிஎஸ்ஸின் ஏழாம், எட்டாம் பகுதிகளில் எழுதுங்கள்: மூடிய கெட்டில், உறிஞ்சு காற்றோட்டம், முகர்ந்து பார்க்கக் கூடாது.

11. பின்னாலிருந்து படித்துப் பார்ப்பது

எழுதி முடித்ததும் தாளை வரிசையாகப் படிக்காதீர்கள், எழுதிய கண்ணுக்குப் பிழை தெரியாது. பதினான்காம் பகுதியில் உள்ள பொதிக் குழுவை எடுத்து ஒன்பதாம் பகுதியின் ஃபிளாஷ் பாயிண்டோடு ஒப்பிடுங்கள். பிறகு அதை இரண்டாம் பகுதியோடு. பதினொன்றாம் பகுதியின் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டாம் பகுதியில் ஒரு குறியீடு இருக்கிறதா, இல்லையென்றால் காரணம் எழுதியிருக்கிறதா பாருங்கள். மூன்றாம் பகுதியில் காஸ் எண்ணை மறுபடி ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

அப்புறம் லேபிளை அச்சடித்து, தளத்தில் ட்ரம் உருட்டுகிறவரிடம் காட்டுங்கள். எங்கள் ஆலையில் பாதிப் பேர் மராத்தி, மீதி இந்தியும் தமிழும். தாராவியிலிருந்து வரும் ஒரு பெரியவரிடம் நான் காட்டுவேன். ஒருமுறை அவர் மார்பில் நட்சத்திரம் உள்ள உருவத்தைப் பார்த்து, "இது என்ன தம்பி, மாரடைப்பா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தச் சின்னத்தின் கீழே 'ஆவியைச் சுவாசிக்காதீர்' என்று மூன்று மொழிகளிலும் தனி ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்.